கோழி எத்தனை நாள் வளர்ந்தது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இயற்கையாக வளர்ந்த கோழிக்கு மாறுவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கோழி வளர்ப்பும் கால்நடை மருத்துவமும் அறிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள் என்கிறார்கள். அதற்குப் பயந்தே நாட்டுக்கோழிக்கு மாறலாம் என்றிருக்கிறேன். சரியா?

மாறுவது நல்ல முடிவு. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் தவறு. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்ற புரதங்களைப் போலவே குடலில் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போட வேண்டுமென்றால் பல்லாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து, திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்கு ஆகும் கூலியை எந்தக் கோழியின் கறியும் ஈடுகட்டாது. அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க 1950-களிலிருந்தே தடை இருக்கிறது.

பிராய்லர் வேகமாக வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வு. தலைமுறை தலைமுறையாக, வேகமாக எடை போடும் சேவலையும் பெட்டையையும் மட்டுமே பொறுக்கி இணை சேர்த்து உருவாக்கிய கோழி அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனம் கொடுத்து அருகருகே வளர்த்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957 இனம் 905 கிராம், 1978 இனம் 1,808 கிராம், 2005 இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றே, நாளும் ஒன்றே, எடையோ நாலரை மடங்குக்கும் மேல்.

கவலைப்பட வேண்டியது இந்த வேகத்தைப் பற்றித்தான். தசை வளரும் அளவுக்கு இதயமும் நுரையீரலும் கால் எலும்பும் வளர்வதில்லை. அதனால் வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழிகளும் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும் கோழிகளும் பண்ணைகளில் சாதாரணம். இதே குஞ்சுகளுக்குத் தாய் தகப்பனாக வைத்திருக்கும் கோழிகளை வயிறு நிறையத் தின்னவிட்டால் முட்டையிடும் வயது வரை நலமாக இருக்காது என்பதால், அவற்றுக்கு அளந்துதான் தீவனம் போடுகிறார்கள். பசியோடு வைத்திருந்தால்தான் பிழைக்கும் என்ற நிலையில் ஒரு பறவையைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. ஹார்மோன் வதந்தியை விட்டுவிட்டு இதைக் காரணமாகச் சொல்லுங்கள்.

‘நாட்டுக்கோழி’ என்று கேட்டு வாங்குகிறோம். தருவது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாட்டுக்கோழி என்ற பெயரில் வேறு இரண்டு கோழிகள் கைமாறுகின்றன. ஒன்று, வண்ண இறகுள்ள கலப்பினக் கோழி. இது 50 முதல் 70 நாளில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். இன்னொன்று, முட்டைப் பண்ணையில் ஒன்றரை ஆண்டு முட்டையிட்டு ஓய்ந்த கோழி. கறி கெட்டியாக இருப்பதால் ‘நாட்டுக்கோழி அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இறகின் நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. வெள்ளை நாட்டுக்கோழியும் உண்டு, செம்பழுப்பு முட்டைக்கோழியும் உண்டு.

உயிரோடு வாங்குவதானால் முதலில் காலைப் பாருங்கள். நடந்து மேய்ந்த கோழியின் கால் மெலிந்து, செதில்கள் இறுகி, நகம் மண்ணைக் கீறிக் கீறித் தேய்ந்திருக்கும். பாதத்தின் அடிப்பகுதி தடித்து, ஆனால் புண் இல்லாமல் இருக்கும். கொட்டகையின் ஈரக் கூளத்தில் உட்கார்ந்தே வளர்ந்த கோழிக்குப் பாதத்தில் கருத்த பொருக்கும், முழங்கால் மூட்டின் பின்புறம் பழுப்பு நிறக் காய்ப்பும் இருக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா சுட்ட தழும்பு அது.

அடுத்து, நெஞ்சைத் தடவுங்கள். நெஞ்செலும்பின் விளிம்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்பட்டு, இருபுறமும் சதை சரிந்து இறங்கினால் அது மெதுவாக வளர்ந்த இனம். விளிம்பே தெரியாமல் அகலமாக, உருண்டையாக இருந்தால் கறிக்கென்று உருவாக்கிய இனம். நெஞ்செலும்பு வயிற்றுப் பக்கம் முடியும் நுனியை விரலால் வளைத்துப் பாருங்கள். இளங்கோழியில் அது குருத்தெலும்பாக வளையும். வயதான கோழியில் முழு எலும்பாகி அசையாது. சேவலானால் கால் முள்ளும் வயதைச் சொல்லும். நாலைந்து மாதத்தில் வெறும் மொட்டாக இருப்பது, ஓராண்டு தாண்டியதும் கூர்மையாக நீண்டுவிடும்.

ஓய்ந்த முட்டைக்கோழியைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம் அலகு. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க, குஞ்சுப் பருவத்திலேயே அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். மேலலகு குட்டையாக, கீழலகு நீட்டிக்கொண்டிருந்தால் அது பண்ணையிலிருந்து வந்தது. மஞ்சள் கால் உள்ள இனமானால் காலும் அலகும் வெளிறியிருக்கும், ஏனென்றால் அந்த மஞ்சள் எல்லாம் முட்டைக் கருவுக்குப் போய்விட்டது. ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் நுழையும். கூண்டில் இருந்த கோழியின் நெஞ்செலும்பு பெரும்பாலும் நெளிந்திருக்கும்.

உரித்த கோழியில் எலும்பைக் கவனியுங்கள். ஐந்து மாதம் ஓடியாடிய கோழியின் தொடை எலும்பு வெட்டுக்கத்திக்கு நன்றாகவே எதிர்ப்புக் காட்டும். பிராய்லர் எலும்பு சுலபமாக முறியும், முனையில் தடித்த குருத்தெலும்பு இருக்கும். எலும்பு இன்னும் முற்றாததால் அதன் நுண்துளைகள் வழியே மஜ்ஜை கசிந்து, வேகவைத்தபின் எலும்பை ஒட்டிய கறி கருஞ்சிவப்பாகத் தெரியும். உறைய வைத்த கறியில் இது இன்னும் அதிகம். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, வயதின் அடையாளம். நெஞ்சுக்கறியில் நார் ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகள் தெரிந்தாலோ, பச்சையாக இருக்கும்போதே அழுத்தினால் கட்டைபோல் விறைத்திருந்தாலோ, அது மிக வேகமாக வளர்ந்த கோழி. தோல் மஞ்சளாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. மக்காச்சோளமும் செண்டுமல்லிப்பூச் சாறும் தீவனத்தில் சேர்த்தால் கூண்டுக்கோழியின் தோலும் மஞ்சளாகிவிடும்.

இத்தனையும் பார்க்க நேரமில்லை என்றால் விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இது எத்தனை நாள் கோழி?” வளர்த்தவரானால் நாளோ மாதமோ சொல்லிவிடுவார். “நாட்டுக்கோழிதாங்க” என்று மட்டும் பதில் வந்தால் வளர்ந்த விதம் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் ‘இயற்கையானது’, ‘திறந்தவெளியில் வளர்ந்தது’, ‘ஆர்கானிக்’ என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. எதை நம்புவது?

சொல்லுக்குப் பின்னால் ஒரு எண் இருந்தால் நம்பலாம். அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, இறைச்சி உறையில் ‘இயற்கையானது’ என்று போடுவதற்குச் செயற்கைப் பொருள் எதுவும் சேர்க்காமல் குறைவாகப் பதப்படுத்தியிருந்தால் போதும். கோழி எங்கே, எப்படி வளர்ந்தது என்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை. ‘ஹார்மோன் சேர்க்கப்படவில்லை’ என்பதும் அப்படித்தான். யாருமே சேர்க்கக்கூடாததை, தான் சேர்க்கவில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘திறந்தவெளி’ என்றால் வெளியே கோழிக்கு 1 சதுர மீட்டர், ‘மரபுவழித் திறந்தவெளி’ என்றால் 2 சதுர மீட்டர், ஆர்கானிக் என்றால் 4 சதுர மீட்டர் இடம் இருந்தாக வேண்டும். பிரான்சின் ‘லாபெல் ரூஜ்’ முத்திரை பெற்ற கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும். சாதாரண பிராய்லர் 35 முதல் 42 நாளில் வெட்டுக்குப் போய்விடுகிறது. அந்த இரு மடங்கு நாளில்தான் கறியின் தன்மையே மாறுகிறது. எங்கள் பார்வையில் உறையில் இருக்க வேண்டிய முதல் எண், வெட்டிய வயது. அதற்கடுத்து இனம், அதற்கும் பிறகுதான் மேய்ச்சல் இடம். வேகமாக வளரும் இனத்தைத் திறந்தவெளியில் விட்டாலும் அது தீவனத் தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கதவு திறந்திருந்தும் வெளியே போகாத கோழியை மேய்ச்சல் கோழி என்று சொல்ல முடியாது.

கறியில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்குமா? வேகவைத்தால் போய்விடாதா?

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, மருந்தின் மிச்சம். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசி வேளை கொடுத்தபின் இத்தனை நாள் கழித்தே வெட்ட வேண்டும் என்று ஒரு இடைவெளி உண்டு. மருந்துக்கு மருந்து அது மாறும், மருந்துப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். அதை மதித்தால் மிச்சம் பாதுகாப்பான அளவுக்குக் கீழே இறங்கிவிடும். மதிக்காதபோதுதான் கறியிலும், அதைவிட ஈரலிலும் தங்குகிறது. வேகவைத்தால் எல்லா மருந்தும் அழியும் என்று நம்பக்கூடாது, சூடு தாங்கும் மருந்துகள் பல உண்டு.

இரண்டாவதுதான் பெரியது. நோயில்லாத கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுக்கும்போது, அதைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகள் பெருகுகின்றன. பின்னால் அதே கிருமி மனிதருக்கு வந்தால் மருந்து கேட்காது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை அப்படிப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 2017-இல் முடிவுக்கு வந்தது. கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

கொல்லையில் வளர்ந்த கோழி என்பதாலேயே மருந்தில்லாதது என்று நினைக்க வேண்டாம். கோழி கொஞ்சம் சோர்ந்து நின்றாலும் ஒரு பொடியை வாங்கித் தண்ணீரில் கலக்கி, நாள் கணக்கில்லாமல் கொடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தச் சோர்வுக்குக் காரணம் வைரஸாகவோ குடற்புழுவாகவோ இருக்கும், ஆன்டிபயாடிக் அங்கே வேலையே செய்யாது. வளர்ப்பவரிடம் “மருந்து போடுவீர்களா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். “கடைசியாக எப்போது, எதற்காக மருந்து கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுத்து, இடைவெளி விட்டு விற்பவர் நேர்மையானவர்தான்.

நாட்டுக்கோழியில் சத்து அதிகமா?

புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராமில் 22 கிராம் அளவுக்கு இரண்டிலும் இருக்கும். ஓடியாடிய கோழியில் வயிற்றுக் கொழுப்பு நன்றாகக் குறையும். பச்சையும் பூச்சியும் தின்றதால் ஒமேகா-3 கொழுப்பு கொஞ்சம் கூடும், ஆனால் மீனுக்கு மாற்றாகும் அளவுக்கு அல்ல. சத்துக்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். சுவையிலும் கறியின் அழுத்தத்திலும்தான் வித்தியாசம் முழுமையாகத் தெரியும்.

ஆசையாக வாங்கிச் சமைத்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. குழந்தைகள் மெல்ல முடியாமல் துப்பிவிடுகிறார்கள். எங்கே தவறு?

பிராய்லர் சமைக்கும் அதே கணக்கில் சமைக்கிறீர்கள். அதோடு, அநேகமாக வெட்டிய சூட்டோடு வாங்கி வந்து அடுப்பில் வைக்கிறீர்கள்.

வெட்டிய கொஞ்ச நேரத்தில் கோழியின் தசை விறைக்கத் தொடங்கும். தானாகத் தளர்வதற்குச் சில மணி நேரம் ஆகும். விறைத்த நேரத்தில் துண்டு போட்டாலோ வேகவைத்தாலோ நார்கள் சுருங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் பழைய நிலைக்கு வராது. முழுக்கோழியாகவோ பெரிய துண்டுகளாகவோ மூடி வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். முதல் நாள் மாலை வாங்கி மறுநாள் சமைப்பது சரியாக வரும். வந்ததும் நேராக உறைநிலைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தளர்வதற்கு முன்பே உறைந்தால், உருகும்போது மறுபடி விறைத்து, நீரையும் விட்டுவிடும். வைக்கும்போதே கிலோவுக்கு 10 கிராம் உப்பைத் தடவிவிட்டால் கறி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பும் உள்ளே இறங்கியிருக்கும்.

இரண்டாவது, நேரம். தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு, கோழிக்கு வயதாக ஆகப் பின்னிப் பின்னி இறுகுகிறது. 40 நாள் கோழியில் அது அரைமணி நேரத்தில் கரைந்துவிடும். ஐந்து மாதக் கோழியில் 80 டிகிரிக்கு மேலான ஈரச்சூட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். அதனால் கிலோவுக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வரும்படி மூடி வேகவிடுங்கள். நாலைந்து மாதக் கோழிக்கு 60 முதல் 75 நிமிடம். எட்டு மாதம் தாண்டியதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஓய்ந்த முட்டைக்கோழி என்றால் இரண்டரை மணி நேரம் வரை போகும். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறியபின் சிறுதீயில் இளங்கோழிக்கு 15 முதல் 20 நிமிடம், வயதானதற்கு 30 முதல் 35 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கட்டும். உடனே திறந்தால் உள்ளே இருக்கும் நீர் குபுகுபுவென்று கொதித்துக் கறியை உலர்த்திவிடும்.

தளதளவென்று கொதிக்கவிட்டால் சீக்கிரம் வேகும் என்று நினைப்பது தப்பு. கடுங்கொதியில் நார் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும், கொலாஜனுக்கோ அதற்குரிய நேரம் வேண்டியே இருக்கும். கடைசியில் கறி ஒரே நேரத்தில் வறண்டும் இருக்கும், கடினமாகவும் இருக்கும். தொடையில் முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் சதை எலும்பை விட்டு நகர வேண்டும். அதுதான் பதம், கடிகாரம் அல்ல.

நெஞ்சுக்கறிக்கு வேறு கணக்கு. அதில் கொலாஜன் குறைவு, தொடைக்குத் தேவையான நேரம் முழுக்க வைத்தால் நார்நாராகப் போகும். அதைத் தனியாக எடுத்து வைத்து, தொடை முக்கால் பதம் வந்தபின் சேருங்கள். தோலை உரிக்காமல் சமைப்பது நல்லது, இந்தக் கோழியில் இருக்கும் கொஞ்சக் கொழுப்பும் தோலடியில்தான் இருக்கிறது.

தயிரும் எலுமிச்சையும் மேற்பரப்பை மட்டுமே இளக்கும். பப்பாளிக்காய் விழுது போடுவதானால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம், அதோடு சரி. அதிகமானால் வெளியே கூழாகும், நடுவே பழைய கடினம் அப்படியே இருக்கும். ஆறு மாதம் தாண்டிய கோழியை எண்ணெயில் பொரிக்கவும் நெருப்பில் வாட்டவும் நேரடியாக முயல வேண்டாம். முதலில் வேகவைத்துவிட்டு அதன்பின் செய்யுங்கள்.

மேய்ந்து வளர்ந்த கோழியில் கிருமி பயம் இல்லைதானே?

இருக்கிறது, சில கிருமிகள் விஷயத்தில் அதிகமாகவே. மண்ணோடும் காட்டுப் பறவைகளின் எச்சத்தோடும் பழகுவதால் காம்பைலோபாக்டர் என்ற குடல்நோய்க் கிருமி மேய்ச்சல் கோழியில் சாதாரணமாக இருக்கும். எந்தக் கோழியானாலும் சமையலறைக் கட்டுப்பாடு ஒன்றேதான். குழாய்க்கு அடியில் கறியைக் கழுவாதீர்கள், சிதறும் துளிகள் பாத்திரத்திலும் பச்சைக் காய்கறியிலும் போய் உட்காரும். ஒட்டியிருக்கும் இறகையும் இரத்தத்தையும் ஈரத்தாளால் துடைத்தால் போதும். பலகையையும் கத்தியையும் தனியாக வையுங்கள். தடித்த பகுதியின் நடுவே 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் கிருமி செத்துவிடும். நாட்டுக்கோழியை வேகவைக்கும் நேரத்தில் அது தானாகவே நடந்துவிடுகிறது.

சமைத்தும் போகாத ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குப்பையும் பிளாஸ்டிக்கும் எரித்த சாம்பலில் கிளறித் தின்னும் கோழியின் கொழுப்பிலும் முட்டையிலும் டையாக்சின் என்ற நச்சு சேரும். பழைய பெயின்ட் உதிர்ந்த மண், பேட்டரி உடைத்த இடம், இவற்றில் மேய்ந்தால் ஈயம் சேரும். கோழி கொத்தும்போது மண்ணையும் சேர்த்தே விழுங்குகிறது. ஆகவே ‘மேய்ந்ததா’ என்பதோடு ‘எங்கே மேய்ந்தது’ என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. குப்பைமேட்டில் சுற்றிய கோழியைவிடச் சுத்தமான கொட்டகைக் கோழி மேல் என்றே சொல்வோம்.

விலை கட்டுப்படியாகவில்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தீவனக் கணக்குதான். பிராய்லர் ஒரு கிலோ எடை போட ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கிலோ தீவனம் போதும். மெதுவாக வளரும் நாட்டு இனத்துக்கு, மேய்ச்சல் இல்லாமல் முழுக்கத் தீவனத்திலேயே வளர்த்தால், நாலு கிலோவும் அதற்கு மேலும் ஆகும். இடத்தையும் ஆள் உழைப்பையும் ஆறு வாரத்துக்குப் பதில் ஐந்து மாதம் பிடித்துவைத்திருக்கிறது. சுத்தம் செய்தபின் கிடைக்கும் பங்கும் குறைவு. பிராய்லரில் உயிர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும், நாட்டுக்கோழியில் 65 சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. இவ்வளவுக்கும் பிராய்லர் விலைக்கே ஒருவர் நாட்டுக்கோழி தருகிறார் என்றால் மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்து பாருங்கள்.

அளவைப் பாதியாக்கி, நல்லதை வாங்குங்கள் என்பதே எங்கள் யோசனை. முழுக்கோழியாக வாங்குங்கள். கால், கழுத்து, முதுகெலும்பு ஆகியவற்றை இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வைத்தால், ஆறியதும் கட்டியாக உறையும் சாறு கிடைக்கும். அந்தக் கட்டி, கரைந்த கொலாஜன்தான். ஒரு மாதக் கோழி எலும்பில் அது இவ்வளவு திடமாக வராது.

பத்துக் குஞ்சு வாங்கி வீட்டிலேயே வளர்க்கலாமா? என்னென்ன வேண்டும்?

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இருந்தால் தாராளமாக வளர்க்கலாம்.

முதல் வாரம் வெப்பம்தான் எல்லாமே. குஞ்சின் முதுகு உயரத்தில் 33 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. கீழே 5 சென்டிமீட்டர் உமியோ மரச்சீவலோ போடுங்கள், நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள். மூன்று முதல் ஆறு வார வயதில் இரத்தக் கழிச்சல் வருவதற்கு ஈரக் கூளம்தான் பெரும்பாலும் காரணம்.

தீவனத்தில் எட்டு வாரம் வரை 20 சதவீதப் புரதமும், அதன்பின் 16 சதவீதமும் இருக்கட்டும். சமையலறை மிச்சமும் தானியமும் மட்டும் போட்டால் புரதம் போதாமல் இறகு முளைப்பது தாமதமாகும், ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். இரவுக் கூண்டு பத்துக் கோழிக்கு 2 சதுர மீட்டர். உட்கார ஒரு கோழிக்கு 20 சென்டிமீட்டர் வீதம் மொத்தம் 2 மீட்டர் நீளக் கழி, 4 அல்லது 5 சென்டிமீட்டர் கனத்தில். கூண்டின் கம்பிவலை, எலியும் கீரியும் நுழையாதபடி ஒன்றேகால் சென்டிமீட்டர் கண்ணுள்ளதாக, மண்ணுக்குள் 30 சென்டிமீட்டர் புதைந்திருக்கட்டும். மேய்ச்சலுக்குக் குறைந்தது 40 சதுர மீட்டர் இருந்தால் இரண்டாகத் தடுத்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரே இடத்தில் விட்டால் புல் அழிந்து, குடற்புழு முட்டைகள் மட்டும் மண்ணில் தங்கும்.

தடுப்பூசியை ‘இயற்கை’ என்று சொல்லித் தவிர்க்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் பத்தும் சில நாளில் போய்விடும், அதற்கு மருந்தே கிடையாது. முதல் வாரத்தில் ஒரு சொட்டு மருந்து, நாலாவது வாரத்துக்குள் மறுதடவை, எட்டு வார வாக்கில் ஊசி, இடையில் அம்மைத் தடுப்பூசி என்பது வழக்கமான வரிசை. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் அதற்கேற்பச் சொல்வார். மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து எடுத்துவர வேண்டும், கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்து போட்டும் பயனில்லை.

சேவல்கள் நாலரை, ஐந்து மாதத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரும். வெட்டுவதற்கு 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன் தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். குடல் காலியாக இருந்தால் கறியில் கழிவு படாது. இறகு எடுக்க 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் முக்கினால் போதும், கொதிநீரில் முக்கினால் தோல் வெந்து கிழியும். வாலுக்கு மேலுள்ள எண்ணெய்ச் சுரப்பியையும் கழுத்தடித் தீனிப்பையையும் முதலில் நீக்குங்கள். ஈரலோடு ஒட்டிய பச்சைநிறப் பித்தப்பை உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும், பட்ட கறியை உடனே வெட்டி எறிய வேண்டியதுதான்.

மீதிக் கறியை எவ்வளவு நாள் வைக்கலாம்?

பச்சைக்கறி குளிர்பெட்டியில், தளர்வதற்கு வைத்த நேரத்தையும் சேர்த்து, இரண்டு நாள். மைனஸ் 18 டிகிரி உறைநிலையில் துண்டுகள் ஒன்பது மாதம், முழுக்கோழி ஓராண்டு, ஈரலும் அரைவைப்பையும் மூன்று நாலு மாதம். காற்றில்லாமல் சுற்றி, வெட்டிய தேதியோடு கோழியின் வயதையும் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும். உருக்குவது குளிர்பெட்டிக்குள்ளேயே, ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஒரு முழு நாள்.